கண்ணாடி இருந்த இடம்

எனக்கென்று சொந்தமாக ஒரு சுவர் கிடையாது. வேளச்சேரியில் எட்டு வருஷமாக வாடகைக்கு இருக்கிறேன். வீட்டுக்காரர் நல்ல மனிதர்தான். ஆனால் ஒப்பந்தப் பத்திரத்தில் வாடகைத் தொகைக்கு அடுத்த வரியே ‘சுவரில் ஆணி அடிக்கக் கூடாது’ என்பது. எங்கள் வீட்டுத் தினசரி காலண்டர் ஜன்னல் கம்பியில் தொங்குகிறது. இப்படிப்பட்டவனுக்குச் சுவரில் மாட்டுகிற கணினி செய்யும் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று கேட்கலாம். பொக்கை வாய்க்குத்தான் முறுக்கின் மேல் ஆசை அதிகம்.

ஆகவே அடுத்தவர் சுவர்களில்தான் என் கைவரிசை. முதலாவது தாம்பரத்தில் அண்ணன் வீட்டில். இரண்டாவது நண்பர் ஒருவரின் போட்டோ ஸ்டுடியோவில். மூன்றாவதற்காகத்தான் போன சித்திரையில், வெயில் மண்டையைப் பிளக்கிற நேரம் பார்த்து, செட்டிநாட்டுக்குக் கிளம்பினேன். என்னோடு வேலை பார்க்கும் நண்பருக்குப் பள்ளத்தூரில் பூர்வீக வீடு. பழைய போட்டோக்கள், கல்யாண ஆல்பங்கள், பர்மாவிலிருந்து வந்த கடிதக் கட்டுகள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வைக்க அங்கேயே, வளவு என்கிற முற்றக்கட்டில், ஒரு நல்ல கணினி வேண்டும் என்றார். “மேஜை நாற்காலி போட்டா வளவு ஆபீஸ் மாதிரி ஆயிடும். நீங்கதான் சுவத்துல மாட்டுவீங்களே?” இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

மேஜைக்கடியில் தூசி படிந்து கிடக்கும் பெட்டிக்கு நம் ஊரில் ‘சிபியு’ என்று பெயர் வைத்துவிட்டோம். உண்மையான சிபியு அதற்குள் இருக்கும் 4 சென்டிமீட்டர் சதுரச் சில்லு. பெட்டியைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே இருப்பதையெல்லாம் ஒரு பலகையில் பரப்பிப் படம்போல் மாட்டுவதுதான் என் பொழுதுபோக்கு. தைவானின் தெர்மால்டேக் நிறுவனம் ‘கோர் பி5’ என்று, சுவரிலும் மாட்டலாம் என்கிற மாதிரி ஒரு கேபினட்டே விற்கிறது. நல்ல சரக்குதான். ஆனால் அது ரெடிமேட் சட்டை. துணி எடுத்து, அளவு கொடுத்து, தையற்காரரிடம் இரண்டு முறை சண்டை போட்டுத் தைத்த சட்டைக்கு ஒரு மவுசு உண்டல்லவா, அதுதான் எனக்கு வேண்டியிருக்கிறது.

பல்லவன் எக்ஸ்பிரஸ் எழும்பூரிலிருந்து பிற்பகலில்தான் கிளம்பும். காலைப் பொழுது முழுக்க ரிச்சி தெருவுக்கு. அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று சந்து சந்தாக விரியும் அந்தச் சந்தையில், பொருள் வாங்குவதற்கு முன்னால் மோட்டார் சைக்கிளில் இடிபடாமல் நடக்கத் தெரிந்திருக்க வேண்டும். பக்கத்திலேயே சிந்தாதிரிப்பேட்டை. 1730களில் கிழக்கிந்தியக் கம்பெனி நெசவாளர்களைக் குடியேற்றிய இடம். ‘சின்னத் தறிப் பேட்டை’தான் அப்படி மருவியது என்பார்கள். தறிச் சத்தம் போய் எத்தனையோ காலமாகிவிட்டது. இப்போது கேட்பதெல்லாம் “பாஸ், லேப்டாப் சர்வீஸா?”

எனக்கு முதலில் வேண்டியது பித்தளை ஸ்பேசர். மதர்போர்டைப் பலகையில் ஒட்டி உட்கார வைக்க முடியாது. அடியில் ஆயிரம் சாலிடர் முனைகள் முள்போல் நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு சிறு தூண் வேண்டும். ரேடியோ காலத்திலிருந்தே உதிரி சாமான் விற்கிற ஒரு பெரியவர் கடை இருக்கிறது. பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து, ஒவ்வொரு ஸ்பேசராக எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து மரை தேய்ந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் எண்ணிக் கொடுத்தார். ஒன்பது போதும் என்றேன். “பன்னெண்டா வச்சுக்குங்க. ஊர்ல போய் ஒண்ணு உருண்டு ஓடுச்சுன்னா என்ன பண்ணுவீங்க?” என்றார். உருண்டது, இரண்டு.

ஒன்பது ஓட்டை என்பதும் தற்செயல் அல்ல. இன்டெல் 1995ல் வகுத்த ஏடிஎக்ஸ் அளவில் மதர்போர்டு என்றால் 30.5க்கு 24.4 சென்டிமீட்டர், திருகாணி ஓட்டைகளும் இன்னின்ன இடத்தில் என்று எழுதி வைத்துவிட்டார்கள். முப்பது வருஷமாக அதில் பெரிய மாற்றமில்லை. தாம்பரத்து மதர்போர்டுக்காக நான் அட்டையில் வெட்டிய அச்சு, பள்ளத்தூர் மதர்போர்டுக்கும் அப்படியே பொருந்தியது. அகல நீளம் தெரியாத உலகத்தில் இப்படி ஒரு பொருளாவது சொன்ன பேச்சு மாறாமல் இருக்கிறது.

அடுத்தது ரைசர் கேபிள். கிராபிக்ஸ் கார்டு மதர்போர்டில் செங்குத்தாகச் செருகிக்கொள்ளும் சாதி. பெட்டிக்குள் அது சரி. சுவரில் மாட்டினால் அலமாரித் தட்டுபோல் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு நிற்கும். அதனால் பட்டையான ஒரு கேபிளால் இழுத்து வந்து, கார்டைப் பலகையோடு பலகையாகப் படுக்க வைக்க வேண்டும். அந்தக் கேபிளில் தலைமுறை உண்டு. மூன்றாம் தலைமுறையைவிட நான்காவதில் தகவல் இரு மடங்கு வேகத்தில் ஓடும். கடைப் பையன், “எந்த ஜென் ப்ரோ?” என்றான். நாலு என்றேன். உள்ளே போய் இரண்டு நிமிஷம் கழித்து ஒரு பொட்டலத்தோடு வந்தான். பொட்டலத்தின்மேல் இருந்ததெல்லாம் சீன எழுத்து. “நாலுதானே?” “நாலுதான் ப்ரோ, நம்புங்க.” ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது, நம்பினேன்.

பல்லவனில் செகண்ட் சிட்டிங். மேலே சாமான் தட்டில் மதர்போர்டு, அதற்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ், கார்டு எல்லாம் போன ஒரு பெரிய பை. கையில், ஒரு மீட்டர் நீளத்தில், செய்தித்தாள் சுற்றிய நான்கு பிளாஸ்டிக் குழாய்கள். அவற்றை எங்கே வைத்தாலும் யார் காலிலாவது இடித்தது. தாம்பரத்தில் ஏறியவர், “டியூப்லைட்டா தம்பி?” என்றார். இல்லை என்றேன். செங்கல்பட்டில் ஏறியவரும் அதையே கேட்டார். விழுப்புரம் வந்தபோது எனக்கே அலுத்துவிட்டது, “ஆமாங்க, டியூப்லைட்தான்” என்றேன். “இப்பல்லாம் எல்ஈடி வந்துருச்சே, இதை எதுக்கு ஊருக்குச் சுமக்கிறீங்க?” என்று அரை மணி நேரம் மின்சாரச் சிக்கனம் பற்றிப் பேசினார். உண்மையைச் சொன்னவர்களிடமும் தப்பவில்லை. சுவரில் கம்ப்யூட்டர் என்று வாயெடுத்தால் போதும், ‘சுவர் இருந்தால்தானே சித்திரம்’ என்று சொல்லிவிட்டு என்னவோ தானே கண்டுபிடித்ததுபோல் சிரிப்பார்கள். விருத்தாசலத்துக்குள் மூன்று பேர் சொல்லிவிட்டார்கள்.

ஆனால் அந்தப் பழமொழிதான் இந்தத் தொழிலில் முதல் பாடம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் சுவர் என்பது பெரும்பாலும் மரச் சட்டத்தின்மேல் அடித்த ஜிப்சம் பலகை. தட்டினால் தகர டப்பா மாதிரி சத்தம் வரும். அங்கே இதே பொழுதுபோக்குக்காரர்கள் காந்தத்தை வைத்துக்கொண்டு, 16 அங்குலத்துக்கு ஒன்றாக உள்ளே ஒளிந்திருக்கும் மரச்சட்டத்தைத் தேடி அதில்தான் திருகாணி இறக்குகிறார்கள். தாம்பரத்தில் அண்ணன் வீடு ஹாலோ பிளாக். டிரில் போட்டதும் பொத்தென்று உள்ளே விழுந்தது; ரவுல் பிளக் வெறும் காற்றைப் பிடித்துக்கொண்டு சுற்றியது. கடைசியில் சுவரைத் துளைத்து மறுபக்கம் தகடு வைத்து போல்ட் போட்டோம். அண்ணி இன்றைக்கும் அந்தத் தகட்டை மறைக்கத்தான் அங்கே குருவாயூரப்பன் படத்தை வைத்திருக்கிறார். ஸ்டுடியோ சுவர் சூளைச் செங்கல், சிமென்ட் பூச்சு. அதுபோல் மாப்பிள்ளை மாதிரிச் சுவர் கிடைப்பது அதிர்ஷ்டம்.

செட்டிநாட்டுச் சுவர் எப்படி என்று எனக்குத் தெரியாது. இரவு பத்து மணிக்கு மேல் காரைக்குடியில் இறங்கி, நண்பரின் காரில் கோட்டையூரைத் தாண்டிப் பள்ளத்தூர் போய்ச் சேர்ந்தபோது, முகப்பு விளக்கு வெளிச்சத்தில் முதலில் அதைத்தான் தொட்டுப் பார்த்தேன். வெண்கலப் பாத்திரம்போல் குளிர்ந்தது. விரலை ஓட்டினால் எங்கும் தட்டவில்லை. சுண்ணாம்பு, மணல், முட்டையின் வெள்ளைக்கரு, கடுக்காய், கருப்பட்டி என்று அந்தப் பூச்சின் பக்குவத்தை அந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சமையல் குறிப்புபோல் சொல்வார்கள்.

“அது என்ன தம்பி, கையில துப்பாக்கி மாதிரி?”

நண்பரின் அம்மா. ஊரே ஆச்சி என்று கூப்பிடுவதால் நானும் அப்படியே. அவர் கேட்டது என் டிரில் மெஷினை.

“சுவத்துல நாலு ஓட்டை போடணும் ஆச்சி. சின்னதுதான்.”

ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை. மகனைப் பார்த்தார். மகன் தரையைப் பார்த்தார். முதலில் சாப்பிடுங்கள் என்று உள்ளே போய்விட்டார்.

விஷயம் காலையில்தான் புரிந்தது. அந்த வீடு ஏழு புள்ளிக்குச் சொந்தம். கல்யாணமான ஒவ்வொரு ஆண்பிள்ளையின் குடும்பமும் ஒரு புள்ளி. அறைகள் பிரித்துக்கொண்டவை, முகப்பு, வளவு, அவற்றின் சுவர்கள் எல்லாம் பொது. பொதுச் சுவரில் துளை போடுவதென்றால் பங்காளிகள் எல்லோரிடமும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். நண்பர் இரவே வாட்ஸ்அப் குழுவில் கேட்டிருந்தார். நான்கு பேர் கட்டைவிரல் உயர்த்தியிருந்தார்கள். மலேசியாவின் இப்போ நகரத்திலிருந்து ஒருவர் ‘பார்க்கலாம்’ என்றிருந்தார். கோயம்புத்தூர்ப் பங்காளி மட்டும் குரல் பதிவு அனுப்பியிருந்தார். நாலு நிமிஷம் ஓடியது. சாரம்: கூடாது.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. சிமென்ட் பூச்சில் ஒரு துளை என்றால் ஒரு துளைதான். சுண்ணாம்புப் பூச்சு பல அடுக்கு. மேல் அடுக்கு முட்டை ஓடுபோல. அதிர்கிற டிரில்லை வைத்தால் தாம்பாள அகலத்துக்குப் பெயர்ந்து வரலாம். அதே பளபளப்போடு திருப்பிப் பூசக் கைதேர்ந்த ஆளை எங்கே தேடுவது? டிரில் மெஷினைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்தேன். மூன்று நாள் லீவு, ஒரு மூட்டை சாமான், மாட்ட இடமில்லை.

இடத்தைக் காட்டியது ஆச்சிதான். இரண்டாம் கட்டுக்குப் போகும் வழியில் சுவரில் ஒரு நீண்ட சதுரம், சுற்றியுள்ள சுவரைவிட ஒரு மாற்று வெளுப்பாகத் தெரிந்தது. மேலே, ஆளுயரத்துக்கு மேல், இரண்டு இரும்புக் கொக்கிகள். “இங்கிட்டுத்தான் பெல்ஜியம் கண்ணாடி இருந்துச்சு. ரெண்டு ஆள் பிடிச்சாத்தான் இறக்க முடியும். பாகம் பிரிச்சப்ப கோயம்புத்தூருக்குப் போயிருச்சு.” கொக்கியைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தேன். அசையவில்லை. சுவர் கட்டும்போதே மரக்கட்டை பதித்து, அதில் கொக்கியை இறக்கி, பிறகு பூசியிருக்கிறார்கள். துளை போட வேண்டியதே இல்லை. யாரோ எனக்காக முன்கூட்டியே போட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

கொக்கிக்குக் கொக்கி 2 அடி 7 அங்குலம். அதற்கேற்ற பலகை வேண்டுமே. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனோம். பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு அது. பீங்கான் ஜாடி, எனாமல் தூக்கு, யாரோ ஒருவருடைய தாத்தாவின் போட்டோ எல்லாம் விலைக்கு. ஒரு கடையின் பின்கட்டில் பீரோக் கதவு ஒன்று கிடைத்தது. பர்மாத் தேக்கு, ஒரே பலகை, முக்கால் அங்குலக் கனம். ஒரு மூலையில் பூட்டு இருந்த ஓட்டை. அந்த ஓட்டை வழியாகவே வயர்களைப் பின்னால் விட்டுவிடலாம் என்று அங்கேயே மனத்தில் படம் போட்டுவிட்டேன்.

மரத்தில் மின்சாரச் சாமான் மாட்டலாமா என்று நண்பருக்குச் சந்தேகம். மதர்போர்டுக்கு வேண்டிய எர்த் அதன் 24 பின் கனெக்டர் வழியாகவே எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வந்துவிடும்; இரும்புப் பெட்டிதான் வேண்டும் என்று கட்டாயமில்லை. நல்ல காய்ந்த மரம் மின்சாரத்தைக் கடத்தாது. உலோகத் தகட்டைவிட மரத்தில் எனக்குப் பயம் குறைவு. வெப்பம்தான் பார்க்க வேண்டும்; அதற்குச் சுவருக்கும் பலகைக்கும் நடுவே இரண்டு அங்குலம் காற்றோட்டம் விட்டால் போதும். வயர்களும் அந்தச் சந்துக்குள் மறைந்துகொள்ளும்.

உள்ளூர் ஆசாரி வந்தார். அச்சு அட்டையைப் பலகையில் வைத்துக் குறித்துக்கொண்டார். என் அவசரத்தை அவர் சட்டை செய்யவில்லை. முதலில் இழைப்புளியைப் போட்டு ஒரு சீவு சீவினார். கறுத்துக் கிடந்த கதவுக்குள்ளிருந்து தேன் நிறம் வந்தது, கூடவே அந்த எண்ணெய் வாசம். நூறு வருஷத்துக்கு அப்புறமும் தேக்கு மணக்கிறது. ஒன்பது ஸ்பேசர்களையும் திருகிவிட்டு, மதர்போர்டை அவற்றின்மேல் நான் உட்கார வைத்தபோது ஆசாரி குனிந்து பக்கவாட்டில் ஒரு கண்ணால் பார்த்தார். “மூணாவது கால் அரைச் சுத்து தூக்கியிருக்கு” என்றார். இருந்தது.

இனி குழாய். சிபியுவைத் தண்ணீரால் குளிர்விக்கக் கட்டாயம் ஏதுமில்லை. நல்ல காற்றாடி ஒன்றே போதும், விலையும் குறைவு. குழாய் போடுவது நகை போடுகிற மாதிரி, அழகுக்குத்தான். கலர் கலராக மின்னும் விளக்குகளைக் கணினிக்குள் போடுகிறவர்களைக் கண்டால் கல்யாண மண்டப வாசல் என்று கேலி பேசுகிற நான், குழாய் விஷயத்தில் மட்டும் வாயைத் திறப்பதில்லை. நேராக ஓடி, சட்டென்று மடங்கி, மறுபடி நேராக ஓடுகிற ஒரு கண்ணாடிக் குழாயைத் தேக்கின்மேல் பார்க்க வேண்டும்.

குழாய் பெட்ஜி என்ற பிளாஸ்டிக். வெளி விட்டம் 14 மில்லிமீட்டர். 80 டிகிரி வாக்கில் இளகும். உள்ளே ஒரு சிலிகான் கயிற்றைச் செருகிக்கொண்டு, ஹீட் கன்னின் சூட்டுக்கு மேலே உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கயிறு இல்லாவிட்டால் மடிக்கிற இடத்தில் ஸ்ட்ராபோல் நசுங்கிவிடும். உருட்டுவதை நிறுத்தினால் ஒரு பக்கம் கொப்புளம். முதல் குழாயை அவசரத்தில் மடித்தேன், சுருங்கியது. இரண்டாவதை அதிக நேரம் காட்டினேன், உள்ளே நுரை நுரையாகக் குமிழி. மிச்சம் இரண்டுதான். ரிச்சி தெரு 400 கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம்.

ஆச்சி வளவுத் தூணில் சாய்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது குழாயை உருட்டத் தொடங்கியபோது எழுந்து பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

“பாகு காய்ச்சிருக்கியா தம்பி?”

“இல்ல ஆச்சி.”

“அதான். நீ கையைப் பாக்குற. கையைப் பாக்கக் கூடாது, சாமானைப் பாக்கணும். இன்னும் சுத்து... சுத்து... இந்தா தொய்யுது பாரு. இப்ப எடு.”

எடுத்தேன். வெறுமனே தொங்கவிட்டாலே தன் பாரத்தில் வளைகிற அந்த ஒரு நொடி. ஆசாரி தேக்குத் துண்டில் செய்து கொடுத்த வளைவின்மேல் வைத்து, ஈரத்துணியால் அழுத்தி, முப்பது வரை எண்ணினேன். கயிற்றை உருவியபோது குழாய் தொண்ணூறு டிகிரிக்கு, ஒரு சுருக்கமில்லாமல், ஒளியை அப்படியே வாங்கிக்கொண்டு நின்றது. எத்தனையோ வீடியோக்களில் எத்தனை விநாடி, எவ்வளவு சூடு, எத்தனை அங்குல உயரம் என்றெல்லாம் பார்த்திருக்கிறேன். பதம் என்ற ஒரு சொல் அவற்றில் எதிலும் வரவில்லை. நான்காவது குழாயை ஆச்சி சொல்லச் சொல்லவே மடித்தேன்.

தண்ணீர் காரைக்குடி பேட்டரிக் கடையில் வாங்கிய டிஸ்டில்டு வாட்டர், பாசி பிடிக்காமலிருக்கச் சில சொட்டு மருந்து. ரேடியேட்டர் செம்பு, மூட்டுகள் பித்தளை. இந்தக் கூட்டத்தில் ஒரு அலுமினியச் சாமானை மட்டும் சேர்த்துவிட்டால் போதும், தண்ணீருக்குள்ளேயே ஒன்றையொன்று அரித்துத் தின்ன ஆரம்பித்துவிடும். தொட்டி பம்புக்கு மேலே இருக்க வேண்டும். தண்ணீர் தானாக இறங்கிப் பம்பை நிரப்ப வேண்டும். காய்ந்துபோய் ஓடினால் பம்பு அரை நிமிஷத்தில் கதறிவிடும்.

பிறகு கசிவுச் சோதனை. மதர்போர்டுக்குக் கரண்ட் கொடுக்காமல் பம்பை மட்டும் ஒரு ராத்திரி ஓட்ட வேண்டும். அதற்கு ஒரு ஜெம் கிளிப் போதும். எஸ்எம்பிஎஸ்ஸின் 24 பின் கனெக்டரில் பச்சை வயரையும் கறுப்பு வயரையும் கிளிப்பால் இணைத்தால், மதர்போர்டு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அது விழித்துவிடும். மூட்டுக்கு மூட்டு டிஷ்யூ பேப்பர் சுற்றி வைத்தேன். ஒரு சொட்டு விழுந்தாலும் காட்டிக்கொடுக்கும். பலகையை வளவில் கிடத்தி, பக்கத்தில் ஆத்தங்குடிக் கல் தரையில் நான் பாய்கூட இல்லாமல் படுத்தேன். சித்திரை மாதத்தில் அந்தத் தரையைவிட நல்ல ஏசி கிடையாது.

நடு ராத்திரியில் டிஷ்யூவைத் தொட்டுப் பார்க்கக் கை நீட்டினேன். முழங்கை எஸ்எம்பிஎஸ்ஸின் தகட்டில் பட்டது. எறும்பு ஊர்வதுபோல் ஒரு சிலிர்ப்பு. தூக்கக் கலக்கம் என்று நினைத்து மறுபடி தொட்டேன். ஷாக்தான், லேசாக.

சாமானில் கோளாறு இல்லை. ஒவ்வொரு எஸ்எம்பிஎஸ்ஸுக்குள்ளும் மின்சார இரைச்சலை வடிகட்ட இரண்டு சின்னக் கப்பாசிட்டர்கள் உண்டு. கரண்ட் வயரையும் நியூட்ரலையும் அவை உடல் தகட்டோடு சேர்த்துக் கட்டியிருக்கும். எர்த் இருந்தால் அந்தத் துளிக் கசிவு பூமிக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் தகட்டில் 230ல் பாதி, சுமார் 115 வோல்ட் வந்து நிற்கும். ஆளைக் கொல்லாது, கூச வைக்கும். பெட்டிக்குள் அடைத்து மேஜைக்கடியில் தள்ளிவிட்டால் யாரும் தொடுவதில்லை, தெரிவதும் இல்லை. சுவரில் திறந்து மாட்டினால் தெரிந்துவிடும். அந்த வீட்டில் உருண்டை சுவிட்சுகள் இருந்த காலத்து வயரிங். பிறகு வந்தவர்கள் மூன்று பின் பிளக் வைத்திருந்தார்கள். மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் வயரே இல்லை.

மறுநாள் எலக்ட்ரீஷியன் வந்தார், கூடவே கடப்பாரையோடு ஒரு ஆள். கிணற்றடியில் ஈரமான இடமாகப் பார்த்துக் குழி வெட்டி, பைப்பை இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு மண்ணைத் தள்ளினார்கள். சுவரில் ஒரு படத்தை மாட்ட வந்தவன் தோட்டத்தில் ஆளுயரக் குழி வெட்டிக்கொண்டிருப்பதை ஆச்சி திண்ணையிலிருந்து பார்த்தார். “இன்னும் கூரை மட்டும்தான் பாக்கி” என்றார்.

கடைசிச் சோதனை, திரை. எல்லாம் இணைத்து பட்டனை அழுத்தினால் காற்றாடிகள் சுற்றின, தண்ணீர் ஓடியது, திரை மட்டும் கும்மிருட்டு. கார்டைக் கழற்றி மாட்டினேன், ராமைக் கழற்றி மாட்டினேன். ஒரு மணி நேரம் போனது. அப்புறம்தான் அந்தச் சீன எழுத்துப் பொட்டலம் ஞாபகம் வந்தது. திரையை மதர்போர்டிலேயே நேராகச் செருகி, பயாஸுக்குள் போய், கார்டு இணைப்பை நான்காம் தலைமுறையிலிருந்து மூன்றாவதுக்கு இறக்கினேன். மறு நிமிஷம் படம் வந்தது. ‘நாலுதான் ப்ரோ, நம்புங்க.’ கேபிளால் தாங்க முடிந்தது மூன்றுதான். ஸ்கேன் வேலைக்கு இந்த வேகமே தாராளம் என்பதால் அந்தப் பையனை மன்னித்துவிட்டேன். பாதி.

மாட்டுவதற்கு முன்னால் நண்பர் பின்கட்டிலிருந்து பழைய தராசைக் கொண்டுவந்து பலகையை நிறுத்தார். 14 கிலோ. அந்தக் கண்ணாடியோடு ஒப்பிட்டால் கொக்கிக்கு இது தூசி. ஆசாரி ரசமட்டத்தை இரண்டு கொக்கிகளின் மேலும் ஒரு கட்டை வைத்துப் பிடித்தார். குமிழி ஓரத்துக்கு ஓடியது. வலது கொக்கி கால் அங்குலம் இறங்கியிருந்தது.

“அப்ப கண்ணாடி இத்தனை வருஷமா கோணலாவா இருந்துச்சு?” என்றார் நண்பர்.

“முன்னால சாச்சு மாட்டியிருப்பாங்கல்ல, தெரிஞ்சிருக்காது” என்றார் ஆசாரி. பலகையின் பின்னால் வலது பக்கத் தகட்டை மட்டும் கால் அங்குலம் கீழே இறக்கி அடித்தார். பலகை நேராக நின்றது, கொக்கி தன் கோணலோடு இருந்தது. ஆச்சிக்குத்தான் ஆறவில்லை. “அந்தக் கண்ணாடில பாத்துத்தான் நான் பொட்டு வச்சேன், கல்யாணத்தன்னிக்கி. அதான் போட்டோல ஒரு பக்கமா இருக்கு. போட்டோக்காரன்தான்னு நெனச்சேன் இம்புட்டு நாளும்.” உள்ளே போய் ஆல்பத்தை எடுத்து வந்தார். முதலில் ஸ்கேன் ஆனது அந்தப் போட்டோதான். திரையில் பெரிதாக்கிப் பார்த்தோம். பொட்டு நடுவில்தான் இருந்தது. ஆச்சி ஒப்புக்கொள்ளவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் தோற்றுப்போனேன். அமெரிக்கக்காரர்கள் திறந்தபடியே மாட்டிவிடுகிறார்கள். அவர்கள் சுவரில் பெரும்பாலும் பல்லி இல்லை. நம் ஊரில் சுவர் என்றால் பல்லிக்கு அனுபவ பாத்தியதை உண்டு. வெதுவெதுப்பான இடம், பூச்சிகளை இழுக்கும் சின்ன விளக்கு என்று நான் அமைத்துக் கொடுத்ததெல்லாம் பல்லிக்கு மாளிகை. அது பாட்டுக்கு இரண்டு முனைகளுக்கு நடுவே குறுக்கே படுத்தால் அதுவும் போகும், மதர்போர்டும் போகும். மூன்று மில்லிமீட்டர் அக்ரிலிக் தகட்டை ஒரு அங்குலம் தள்ளி முன்னால் நிறுத்தி, நாலு பக்கமும் கொசுவலை ஒட்டினேன். காற்று போகும், பல்லி போகாது. குழாயின் மினுமினுப்பு வலைக்குப் பின்னால் கொஞ்சம் மங்கித்தான் போனது. கடுமையான வேலை கொடுத்து அன்று மத்தியானம் பார்த்தேன். வளவில் 35 டிகிரி, சிபியு 70ஐத் தாண்டவில்லை. வலை ஒட்டி முடித்த சாயங்காலமே பலகைக்குப் பின்னாலிருந்து ‘த்சு த்சு’ என்று ஒரு குரல். ஆச்சி தரையை விரலால் மூன்று முறை தட்டினார். நல்ல சகுனமா கெட்ட சகுனமா என்று கேட்டேன். திசை பார்த்துத்தான் சொல்ல முடியும், அது எங்கிட்டு இருக்குன்னே தெரியலையே என்றார்.

இரவு நண்பர் போட்டோ எடுத்துக் குழுவில் போட்டார். தேக்குப் பலகை, மேலே கொக்கிகள், சுற்றிலும் கண்ணாடி விட்டுப்போன வெளுப்பு இன்னும் நாலு விரல் அகலத்துக்குத் தெரிந்தது. கீழே ‘ஒரு ஓட்டைகூடப் போடவில்லை’ என்று எழுதினார். இப்போவிலிருந்து கைதட்டல் வந்தது. சிங்கப்பூரிலிருந்து, விலை என்ன, தன் வீட்டுக்கும் ஒன்று செய்வாரா என்று கேள்வி வந்தது. சிங்கப்பூர்ச் சுவர் என்ன சுவர் என்று விசாரிக்கச் சொன்னேன்.

கோயம்புத்தூரிலிருந்து இரண்டு நீலக் குறி மட்டும் விழுந்து, ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. நாங்கள் சாப்பிட்டுக் கை கழுவும்போது செய்தி வந்தது. நண்பர் சத்தமாகப் படித்தார்.

‘நல்லா இருக்கு. கண்ணாடி என் பாகத்துக்கு வந்தது சரி. கொக்கி யார் பாகம்னு பத்திரத்துல எங்கயும் போடலியே?’